இறகு வைத்த உதடு

அன்று பிற்பகல் மலைமேல் இருந்த அந்தச் சிற்றாலயத்துக்குள் இருந்தவர்கள்: ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெர்னெத், கீழ்ப் பள்ளத்தாக்கில் மாடு வளர்க்கும் அந்தெல்ம், அவன் மனைவி உர்சூல், முந்தாநாள் செத்தே பிறந்த அவர்களுடைய ஆண் குழந்தை. அதற்கு இன்னும் பெயரில்லை. ஞானஸ்நானம் பெறாததற்குப் பெயர் கிடையாது.

இறகு அசைந்தது.

அசையவேண்டியதுதான். பத்தொன்பது வருடமாகப் பெர்னெத் வைத்த ஒவ்வொரு இறகும் அசைந்திருக்கிறது. செத்த பிள்ளையைக் கல்மேடையில் கிடத்துவாள். அடியில் கங்குச் சட்டியைத் தள்ளுவாள். கல் சூடேறும், கன்னம் லேசாகச் சிவக்கும், உதட்டின்மேல் வைத்த கோழி இறகு நடுங்கும். உயிர் வந்துவிட்டதென்று பெற்றவர்கள் கதறுவார்கள். அந்த நொடியில் தண்ணீர் ஊற்றி, ஆதாம் முதல் வழிவழியாக வந்த பாவத்தைக் கழுவிவிடுவாள். சட்டியை இழுத்ததும் பிள்ளை மறுபடி செத்துவிடும். ஆசீர்வதித்த மண்ணில் புதைக்கலாம். கழுவாவிட்டால் சுவருக்கு வெளியே நாய் தோண்டும் பள்ளம்தான்; கடவுளின் முகத்தை ஒருநாளும் பார்க்காத இருட்டு. அவள் செய்தது பொய். அதற்காக ஒரு இரவுகூட அவள் தூக்கம் கெட்டதில்லை.

இன்று கங்குச் சட்டி வாசலிலேயே இருந்தது. கரி நனைந்து, பற்றவேயில்லை.

"இன்னுமா ஊதிட்டிருக்க? எங்க மாட்டுச் சாணியே இதவிட நல்லா எரியும்" என்று அந்தெல்ம் சற்றுமுன்தான் அலுத்துக்கொண்டான்.

"அப்ப அதையே சுமந்துட்டு வந்திருக்கலாமே. தள்ளி நில்லுடா, உன் தாடியில இருக்கற பனியெல்லாம் கரியிலதான் சொட்டுது."

சட்டியை அவனிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து இறகை மட்டும் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் அது அசைந்தது.

காற்றாக இருக்கும் என்று சன்னலைப் பார்த்தாள். கொக்கி போட்டிருந்தது. ஈரக் கல்லின் வாடை, மெழுகு வாடை, உர்சூலின் சட்டையில் கசிந்து காய்ந்த தாய்ப்பாலின் புளித்த வாடை, இவற்றுக்கு நடுவே திறந்த கிணற்றில் குனிந்தால் வருவதுபோன்ற குளிர் ஒன்று மேடையிலிருந்து வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. எப்போதும் சூட்டில் மேலே எழும்பும் இறகு இன்று கீழே அழுந்தியது. உதட்டோடு ஒட்டியது.

"மூச்சு!" உர்சூல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "அந்தெல்ம், மூச்சு விடுறான்டா! ஓடு, சாமியாரக் கூட்டிட்டு வா!"

அவன் சட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினான். பனியில் அவன் காலடி சரசரத்துத் தேய்ந்தது.

"சீக்கிரம் ஊத்து பெர்னெத். மறுபடி போயிடப்போறான். பள்ளத்துல போட்டா நானும் அதே பள்ளத்துல விழுந்துடுவேன், சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெர்னெத்துக்கு அது தெரிந்தது. சொம்பை எடுத்தாள்.

"பிதா" என்று ஊற்றினாள். தண்ணீர் நெற்றியில் விழுந்தது. வழியவில்லை. "சுதன்." மேடை நனையவில்லை. "பரிசுத்த ஆவி" என்று வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. சொல் அவள் பல்லைத் தாண்டியதும் அந்தச் சின்ன வாய்க்குள் போய்விட்டது.

இறகைக் காணோம்.

ஊரில் சாமியார் ஞானஸ்நானம் கொடுக்கும்போது முதலில் பிள்ளையின் முகத்தில் மூன்று தடவை ஊதுவார். உள்ளே குடியிருக்கும் பிசாசை வெளியே போகச் சொல்லும் ஊதல் அது. அவளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பத்தொன்பது வருடமாக அவள் வீட்டைக் கழுவினாள். குடியிருந்தவனை வெளியேற்றியதில்லை.

மெழுகுவர்த்திகள் சாய்ந்தன. எல்லாம் ஒரே பக்கம். மேடைப் பக்கம்.

அது உள்ளே இழுத்தது. இழுத்தது. விடவில்லை. மறுபடி இழுத்தது.

"குடு அவன." உர்சூல் தானே வாரி எடுத்தாள், சட்டையை அவிழ்த்து மார்பில் வைத்தாள். சிரித்தாள். "எப்படி இழுக்கிறான் பாரேன், திருட்டுப் பய! இத்தன பசியாடா உனக்கு?"

அவள் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் கிடந்த முடி முன்னால் நீண்டு, காற்றில் படபடக்காமல், குழந்தையை நோக்கி நேராக நின்றது.

இரண்டே எட்டு. போய்ப் பிடுங்கிவிடலாம். பெர்னெத் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். இன்னொன்று.

"பெர்னெத், எங்க போற?" உர்சூல் இன்னும் சிரித்தபடிதான் இருந்தாள். "கொஞ்சம் பிடிச்சுக்கோயேன். மூச்சு முட்டுது எனக்கு."

முதல் மெழுகுவர்த்தி அணைந்தது.

குழந்தை மார்பை விட்டுத் தலையைத் திருப்பியது. கண் திறக்கவில்லை. வாய் மட்டும் பெர்னெத் நின்ற திசையில் திறந்திருந்தது.

பெர்னெத் வெளியே வந்தாள். பாதி வழியிலேயே சாமியார் எதிர்ப்பட்டிருக்கவேண்டும்; கீழே சரிவில் அவரும் அந்தெல்மும் ஏறி வருவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவள் கூப்பிடவில்லை. யாரும் அவள் கையைப் பிடித்துத் தள்ளவுமில்லை. உள்ளே உர்சூல் ஒருமுறை அவள் பெயரைச் சொன்னாள். பாதிதான் வந்தது.

கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று திருப்பினாள்.