செவ்வாயில் ஓர் ஆரஞ்சு அந்தி

மாசிலாமணி காலையில் எழுந்ததும் வழக்கம்போல இடது கண்ணைக் கழற்றி வெந்நீரில் அலம்பினார். வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று வலது கண்ணால் ஆராய்ந்தார். பிறகு கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

"கண்ணை ரொம்ப அழகா வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி குமுதவல்லி அடுக்களையிலிருந்து. "இட்லித் தட்டுல வெக்கணும்னு வேற யாருக்குங்க தோணும்?"

செவ்வாய்க் கோளில் பாலைமாடம் என்ற மூடிய குடியிருப்பில் மனைவிமார் இப்படித்தான் திட்டுவார்கள். வேறு வழியில்லை. குடியேறிய புதிதில் மைத்துனர்கள் இருவர் ஒரு ரசத்தைப் பற்றி வாக்குவாதம் செய்து, ஒருவர் கோபத்தில் கதவை அறைந்து சாத்தியதில் காற்றடைப்பு பெயர்ந்துவிட்டது. ஊரே முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வந்ததுதான் இன்சொல் நெறி. மாடத்துக்குள் மூச்சு விடும் எவரும் மற்றவரைக் குறை சொல்லக்கூடாது. சுவருக்குச் சுவர் மூச்சுமானி உண்டு. கோபம் வந்தால் மனிதன் அதிகக் காற்றைத் தின்கிறான் அல்லவா, மானி உடனே கூவும். தின்றவர் போய்ப் பாசித்தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊருக்கு மூச்சுக்காற்று தருவது அந்தப் பாசிதான்.

இடது கண் என்பது படவிழி. எல்லோருக்கும் உண்டு. இரண்டு முறை சிமிட்டினால் படம் எடுக்கும்; கழற்றிக் கையில் பிடித்து இரண்டு முறை அழுத்தினாலும் எடுக்கும். சுவரைப் பார்த்து மூன்று முறை சிமிட்டினால் எடுத்த படம் சுவரில் விழும். பார்ப்பவர்கள் "அருமை" என்பார்கள். மூக்கு மட்டும் விழுந்த படத்துக்கும் அருமை, தவறிச் சிமிட்டி எடுத்த தரைக்கும் அருமை.

இந்த ஊரில்தான் மாசிலாமணி தலைசிறந்த படக்கலைஞராக இருந்தார். கப்பலில் வருகிறவர்கள் முதலில் பார்க்கும் வரவேற்புச் சுவரில் ஆண்டுதோறும் அவர் படம்தான். எல்லாப் படங்களுக்கும் எல்லோரும் அருமை போடுவதால் போட்டி சமனில் முடியும். சமனில் முடிந்தால் வயதில் மூத்தவருக்கு இடம் என்பது விதி. மாசிலாமணி இதைத் திறமை என்று எடுத்துக்கொண்டார். நடக்கும்போதே நெஞ்சு அரை அடி முன்னால் போகும். தண்ணீர் நிலையத்தில் குழாய் திருகும் வேலை அவருக்கு. ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கலை" என்பார்.

வினை போன ஆண்டுப் படத்தில் வந்தது. செவ்வாயில் சூரியன் மறையும்போது அதைச் சுற்றி வானம் நீலமாகும். தூசி செய்யும் வேலை அது. மாசிலாமணிக்கு அந்த நீலம் பிடிக்கவில்லை. அந்தி என்றால் பூமியின் பழைய நாட்காட்டிகளில் இருப்பதுபோல ஆரஞ்சாக இருக்க வேண்டாமா? பூசிவிட்டார். வரவேற்புச் சுவரில் அதைப் பார்த்துச் சொக்கிப்போன புதுக் குடும்பங்கள், ஒவ்வொரு மாலையும் ஜன்னலை ஒட்டி நின்று ஆரஞ்சுக்காகக் காத்திருந்தன. பிறகு "ஏமாத்திட்டீங்களே" என்று நெறி தெரியாமல் பச்சையாகவே மன்றத்தில் முறையிட்டன.

மன்றத் தலைவி மாசிலாமணியைக் கூப்பிட்டாள். "உங்க படம் பிரமாதம் ஐயா. அந்த அளவுக்கு அந்தி ஒத்துழைக்க மாட்டேங்குது, அது ஒண்ணுதான் வருத்தம். அதனால இந்த வருஷம் படத்தை விரிசல்காணி தேர்ந்தெடுக்கட்டும்னு முடிவு பண்ணிருக்கோம்."

விரிசல்காணி ஓர் எட்டுக்கால் எந்திரம். மாடத்துச் சுவரில் ஊர்ந்து, குட்டிச் சுத்தியலால் தட்டி, எங்கே பழுது என்று சொல்வது அதன் வேலை. பழுதில்லாத இடத்தில் பேசாமல் போய்விடும். பாராட்ட அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூச்சு விடாத பிறவி என்பதால் இன்சொல் நெறியும் அதைக் கட்டுப்படுத்தாது. ஊரில் உண்மை பேச உரிமை பெற்ற ஒரே ஜீவன் அதுதான்.

மாசிலாமணி கவலைப்படவில்லை. மாலையில் அதை உணவுக்கூடத்துக்கு வரவழைத்து, ஆரஞ்சு அந்தியைச் சுவரில் விழ வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டொக். "இந்த நிறம் இங்கே கிடையாது. பொய்." டொக். "தொடுவானம் சரிந்திருக்கிறது." டொக். "இந்தக் கறுப்பு எடுத்தவரின் நிழல்." டொக், டொக். "இது அவர் விரல்."

மூச்சுமானி கூவியது. மாசிலாமணி பாசித்தொட்டிக்குப் போனார். தேய்க்கிற தேய்ப்பில் பாசியே பாதி போய்விடும் போலிருந்தது. அவருக்கு உண்மையிலேயே வலித்தது. ஊர் முழுக்க அருமை என்று சொன்னதை ஒரு சுத்தியல் வந்து பொய்யாக்கிவிட்டுப் போவதா? வரவேற்புச் சுவரில் படம் இல்லாவிட்டால் அவர் யார்? குழாய் திருகுகிறவர். அவ்வளவுதான்.

"அது ஒரு தகரம்" என்றார் வீட்டுக்கு வந்ததும். "அதுக்கு என்ன தெரியும் கலையைப் பத்தி?"

"தொட்டியை எவ்வளவு நல்லாக் கழுவியிருக்கீங்க!" என்றாள் குமுதவல்லி. "நாளைக்கும் கழுவலாம். இல்லாட்டி, அந்த விரலை எடுத்துட்டு ஒரு படம் எடுத்துப் பாக்கலாம்."

மறுநாள் ஊர் பார்க்காத நேரமாகப் பார்த்து நிழலைத் தவிர்த்து ஒரு படம் எடுத்தார். டொக் சற்றுக் குறைந்தது. தொடுவானத்தை நிமிர்த்தினார். இன்னும் குறைந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பூச்சு எதுவும் இல்லாமல் நீலத்தை நீலமாகவே விட்டார். சுத்தியல் அந்த வானத்தின் மேல் ஊர்ந்துபோய், எங்கும் தட்டாமல் கீழே இறங்கியது. மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. வலது கண்தான். ஆயிரம் அருமையில் கிடைக்காத ஏதோ ஒன்று அந்த மௌனத்தில் இருந்தது. அந்த ஒரு நிமிடம் மனிதர் நிஜமாகவே கலைஞராக இருந்தார் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு நிமிடம்தான். அடுத்த நாளிலிருந்து அவருக்குப் புதுப் பெருமை பிடித்துக்கொண்டது. "குறையைத் தாங்கிக்கிறதுக்கு ஒரு மனசு வேணும். இந்த ஊர்லயே எனக்குத்தான் அது இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, தினம் ஒரு புதுப் படத்தோடு வந்து, கூடம் நிறையக் கூட்டம் சேர்ந்த பிறகுதான் விரிசல்காணியையே கூப்பிடுவார். மோவாயை உயர்த்திக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு டொக்குக்கும் தலையை ஆட்டி, "சொல்லு, சொல்லு" என்பார். சுற்றியிருப்பவர்கள் அவர் பணிவைப் பார்த்து "அருமை" என்பார்கள். குமுதவல்லி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். படமெடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனாலும் ஒருநாள் அவள் இடது கண் இரண்டு முறை சிமிட்டியது.

தேர்வு நாள் வந்தது. மாசிலாமணியின் நீல அந்தி சுவரில் விழுந்தபோது கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. விரிசல்காணி மேலிருந்து கீழே மெல்ல ஊர்ந்தது. தட்டவில்லை. தட்டவேயில்லை. அடி ஓரத்துக்கு வந்ததும் டொக்.

"பெயர். சூரியனை விடப் பெரிதாக இருக்கிறது. நீக்கினால் பழுதில்லை."

"அது இருக்கட்டும்" என்றார் மாசிலாமணி. "எடுத்தது யாருன்னு தெரிய வேணாமா?"

"ஐயா, பேரை மட்டும் கொஞ்சம்..." என்று தலைவி இழுத்தாள்.

"எல்லாக் குறையையும் கேட்டுக்கிட்டேனே! பேர்ல கை வெக்காதீங்க."

அடுத்து குமுதவல்லி எழுந்து, "என்கிட்டயும் ஒண்ணு இருக்குங்க" என்று மூன்று முறை சிமிட்டினாள். சுவர் நிறைய மாசிலாமணி. மோவாய் மேலே, உதட்டில் சிரிப்பு. கண்ணில் மட்டும் கொலைவெறி. பின்னால் மங்கலாகச் சுத்தியல். முன்னால், வஞ்சனையில்லாமல், தொப்பை. விரிசல்காணி அந்த முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தின் மீதும் நடந்துபோய், ஒருமுறைகூடத் தட்டாமல் தரையில் இறங்கி நின்றது.

"கண்ணையும் கொஞ்சம் சிரிக்க வெச்சுக்கலாமே" என்றார் மாசிலாமணி. "தொப்பையும் லேசாக் குறைச்சா..."

"மாற்றினால் பழுது" என்றது விரிசல்காணி.

"உங்களுக்குப் பிடிக்கலேன்னா வேண்டாங்க. எடுத்துடறேன்" என்றாள் குமுதவல்லி. நெறிக்காகச் சொன்னதல்ல, மனதாரத்தான் சொன்னாள்.

மாசிலாமணி யோசித்தார். தேர்வான அந்தப் படத்தை நீக்கிவிட்டால் வரவேற்புச் சுவரில் அவர் இல்லை. இருக்கவிட்டால் சுவர் முழுக்க அவர்தான். மூச்சுமானி கூவலாமா வேண்டாமா என்று தயங்கியது. "இருக்கட்டும், விடு" என்றார்.

கப்பல் வந்தது. புதியவர்கள் சுவருக்கு முன்னால் நின்றார்கள். பயணக் களைப்பு போய்ச் சிரித்தார்கள். செவ்வாயில் தங்களைப் போன்ற ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஒரு பெண் படத்தையும் பக்கத்தில் விறைப்பாக நின்றவரையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கதானே?" என்றாள்.

"நானேதான்" என்றார் மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தி. "என் படத்தை ஒருத்தன் குறை சொல்றான். நான் சிரிச்ச முகமா வாங்கிக்கறேன்."

அவள் இன்னொரு முறை படத்தில் அந்தக் கண்களைப் பார்த்தாள். கப்பலிலேயே நெறியைப் படித்திருந்தாள் போலும். "அருமை" என்றாள்.

அவள் போனதும் மாசிலாமணிக்கு ஓர் ஆசை வந்தது. இடது கண்ணைக் கழற்றி, கையை நீட்டி, தன் பெரிய முகத்துக்குக் கீழே தானும் தெரியும்படி பிடித்தார். திருப்தியில்லை. கையை உயர்த்தினார். தொப்பை மறைந்தது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கன்னத்தை ஒடுக்கிக்கொண்டு, மேலும் பல எடுத்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மாட்டிக்கொண்டு சுவர் ஓரத்தில் விழ வைத்தார். பெயரை நீளமாகச் சேர்த்தார். கொஞ்சம் ஆரஞ்சும்.

"எப்படி இருக்கு? மறைக்காம உண்மையைச் சொல்லு" என்றார் கூட வந்திருந்த குமுதவல்லியிடம்.

பக்கத்துச் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த விரிசல்காணி நின்று, திரும்பி, சுத்தியலைத் தூக்கியது. குமுதவல்லி எட்டி அந்தச் சுத்தியலை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"அருமைங்க" என்றாள்.

மாசிலாமணி பூரித்துப்போனார். "பாத்தியா?" என்றார் எந்திரத்திடம். "உண்மையைச் சொன்னா எனக்குக் கோபமே வராது."