ஏழு கதவு வீடு

எங்கள் வீட்டில் ஏழு கதவுகள் என்று சிட்டு பள்ளியில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

பொய் இல்லை. அவள் அப்பா பழைய வீடுகளை இடிக்கும் வேலைக்குப் போகிறவர். அங்கே யாருக்கும் வேண்டாத கதவுகளைக் கொண்டுவந்து, வரிசையாக நிறுத்தி, ஆணியடித்துச் சுவராக்கியிருந்தார். மேலே தகரம். ஏழில் சிவப்புக் கதவு மட்டும்தான் திறக்கும்.

அன்றிலிருந்து தோழி சுருட்டை நச்சரிக்க ஆரம்பித்தாள், உன் பெரிய வீட்டுக்கு எப்போது வரலாம் என்று. தலைவலி, விருந்தாளி, வெள்ளையடிப்பு என்று சிட்டு ஏதேதோ சொல்லிச் சமாளித்தாள். ஒவ்வொரு முறையும் வெட்கத்தில் காது சுட்டது.

ஒரு நாள் மதியம் சுருட்டை சாப்பாட்டைத் தொடவே இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் அம்மா அடுத்த வாரம் வருகிறாராம். முன்பெல்லாம் பிறந்தநாள் தோறும் அவளை அப்போதிருந்த வாடகை வீட்டின் பச்சைக் கதவில் சாய்த்து நிறுத்தி உயரத்துக்குக் கோடு போடுவாராம். கோட்டுக்கு மேல் சுருட்டை முடியோடு ஒரு தலையும் வரைவாராம்.

"அந்த வாடகை வீட்டையே இடிச்சுட்டாங்க. கதவும் போச்சு," என்றாள்.

சிட்டுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தினமும் சாய்ந்து படிக்கும் சுவர்தான், கோடுகளும் சுருட்டைத் தலைகளுமாக இருக்கும் அந்தப் பச்சைக் கதவு. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மானம் போய்விடுமே.

வீட்டுக்கு வந்து சுருட்டைத் தலைகளைப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் சிரித்துக்கொண்டிருந்தன. வீட்டை நினைத்து வந்த வெட்கத்தைவிடத் தன்னை நினைத்து வந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவளே சுருட்டையை அழைத்து வந்தாள். சுருட்டை கதவைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் அதில் சாய்ந்து நின்றாள். கடைசிக் கோட்டைவிட நன்றாக வளர்ந்திருந்தாள்.

"அப்பாகிட்ட கழட்டித் தரச் சொல்லவா?" என்று சிட்டு மெல்லக் கேட்டாள்.

"கழட்டினா மழை உள்ள வருமே. இங்கயே இருக்கட்டும். அம்மாவைக் கூட்டிட்டு வரேன்."

அடுத்த வாரம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. சுருட்டையின் அம்மா முந்திக்கொண்டு நீலக் கதவைத் தட்டினார். பிறகு மஞ்சள் கதவை. சிட்டுவுக்குக் காது மறுபடி சுட்டது. இருந்தாலும் உரக்கச் சொன்னாள்.

"அத்தை, அதெல்லாம் சுவரு. சிவப்பைத் தட்டுங்க."