மூக்கு ஊருக்குப் போன நாள்

சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தும் காலனி நாய் எழுந்திருக்கவில்லை. ஞானரத்தினத்தின் மணிச்சத்தம் கேட்டால் ஓடிவந்து டயரைக் கவ்வுகிற நாய், வீட்டு வாசல்களை ஒட்டிப் போகும் காய்ந்த சாக்கடைக்குள் மோவாயை மண்ணில் வைத்துக் கிடந்தது. மழை பொய்த்த கார்த்திகை. பொழுது மசங்குகிற நேரம். கரண்ட் போய் மில் இரைச்சலும் அடங்கியிருந்ததில், சாக்கடையின் தலைமாட்டில் இருந்த கேஸ் ஷெட்டுக்குள்ளிருந்து, யாரோ பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல, மெல்லிசாக உஸ்ஸென்று ஒரு சத்தம்.

ஷெட்டில் வரிசையாக நின்ற சிலிண்டர்களிலிருந்துதான் குழாய் வழியாக மில் காலனியின் எல்லா அடுப்புக்கும் கேஸ் போகிறது. அதற்குக் காவல் ஞானரத்தினம். வருஷக்கணக்காகப் பஞ்சுத் தூசியை இழுத்த மூக்கு அவருடையது. முகத்துக்கு எடுப்பாக இருக்கும், வேறு உபயோகம் கிடையாது. "கசிஞ்சா வாசம் பிடிப்பீரா?" என்று மானேஜர் கேட்டபோது, குடியிருக்கிற வீடு போய்விடுமே என்று, "நாய் தோத்துரும் சார்" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து ஷெட்டை மோந்து பார்ப்பது அவர் சம்சாரம் ஏசம்மாள். அந்த மூக்கு இன்று காலை அக்கா வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டது.

ஷெட்டுக்குள் கைவிட்டுத் தடவினார். குழாய் இணைப்பில் அவரே சோப்பைக் குழைத்துப் பூசிச் சுற்றிய பேண்டேஜ் துணி. பேண்டேஜ் நெய்கிற ராஜபாளையத்தில் எந்தக் காயத்துக்கும் பேண்டேஜ்தானே என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கட்டியது. இப்போது அவிழ்ந்து, காற்றே இல்லாத இடத்தில் படபடத்தது.

வால்வை முறுக்கி மூடினார். சத்தம் நின்றது.

ஏற்கெனவே வெளியே வந்தது எங்கே? கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தவழும். பள்ளம் பார்த்துப் போகும். சாக்கடையைப் பார்த்தார். அது ஒவ்வொரு வாசலாகத் தொட்டுக்கொண்டு போனது. ஒவ்வொரு வாசலிலும், கோலத்தின்மேல், எண்ணெய் விட்ட அகல் விளக்குகள்.

"ஏத்தாதீங்க! தீப்பெட்டியக் கீழ போடுங்க!"

முதல் வீட்டு நாச்சியார் இடுப்பில் பிள்ளையோடு நிமிர்ந்தாள். "என்ன அண்ணாச்சி, சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகளுக்கு எங்க விளக்கப் பாத்தா பொறாமையா?"

"கேஸும்மா! சாக்கடை பூரா கேஸு!"

நாச்சியார் மூக்கை உறிஞ்சினாள். அடுத்த வீட்டு வெள்ளத்தாயும் உறிஞ்சினாள். "ஒரு வாசமும் இல்லியே."

ஒரு நொடி அவருக்கு உயிர் வந்தது. அப்புறம் உறைத்தது. இவர்கள் இரண்டு பேரும் பேண்டேஜ் கம்பெனியில், ப்ளீச்சிங் தொட்டியடியில். இவர்கள் புருஷன்மார் பஞ்சு மிஷினில். ஊசிப்போன குழம்பை ருசித்துச் சாப்பிடுகிற காலனி இது.

நாச்சியார் இடுப்பிலிருந்த பிள்ளை, இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தது.

ஓடினார்.

"விளையாட்டுக்குச் சொல்லலம்மா... ஆத்தா... ஒங்க காலப் பிடிக்கேன்..."

"எப்பப் பாரு இந்த அண்ணாச்சிக்கு நக்கல்தான்." வெள்ளத்தாய் சிரித்தாள்.

கடைசி வீட்டு வாசலில் தீக்குச்சி உரசியது. ஒரு விளக்கு.

ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு. மூன்று.

காற்றில்லை. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. சுடர்கள் நீண்டன. நீலமாயின. எல்லாம் ஒன்றுபோலத் தலையைக் குனிந்து, சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தன.