ஆறு மணி டப்பா

காலை 9.20. பரிசோதனைக் கூடத்தின் டெக்னீஷியன் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெதுவெதுப்பான உப்புநீர்ச் சொட்டில் ஓர் அமீபா உடம்பை நீட்டி நீட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வயிற்றில் விழுங்கிய சிவப்பணுக்கள். சீதபேதிக் கிருமி, சந்தேகமே இல்லை.

மலம் வந்த டப்பாவின் லேபிளில் இருந்தது, தொழிற்சாலை கேன்டீன் சமையல்காரம்மாவின் பெயர். அங்கே சாப்பிட்டவர்களில் ஒரே வாரத்தில் பதினொரு பேர் சீதபேதியில் படுத்துவிட்டார்கள்.

கேன்டீன் மேனேஜர் இரண்டு டப்பாக்களுடன் தனியாக வந்திருந்தார். மற்றது அவருடையது; அதில் கிருமி இல்லை. ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தவர் முதலில் கழிப்பறையைத்தான் விசாரித்தார். டப்பாக்களைக் கவுன்ட்டரில் வைத்தபோது மணி 9.10. இப்போது வாசலுக்கும் கவுன்ட்டருக்குமாக நடையாய் நடந்தார்.

"சீக்கிரம் ரிப்போர்ட் குடுங்கம்மா. மத்தியானத்துக்குள்ள அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பியாகணும், அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். பதினஞ்சு வருஷ ஆளு, பாவம்தான்."

டெக்னீஷியனுக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு ஸ்லைடு போட்டாள். அதிலும் ஊர்ந்தது.

9.32. வெளியே வந்தாள்.

"சமையல்காரம்மா டப்பாவ எப்ப வாங்கினீங்க சார்?"

"காலைல ஆறு மணிக்கு. ஃபேக்டரி கேட்லயே."

"அவங்க இப்ப எங்க?"

"அடுப்படியில. எதுக்குக் கேக்கறீங்க?"

"இந்தக் கிருமி உடம்ப விட்டு வந்தா அரை மணி, மிஞ்சிப்போனா ஒரு மணி நேரம்தான் நகரும். அப்புறம் செத்துடும். மூணு மணி நேரத்துக்கு மேல பையில கெடந்தது எப்படி ஊரும்?"

அவர் நடை நின்றது.

"இது இங்க வந்தப்புறம் எடுத்தது. அந்த நேரம் அவங்க இங்க இல்ல, நீங்க இருந்தீங்க. லேபிள மாத்தி ஒட்டியிருக்கீங்க. சுத்தமா இருக்கே, அந்த டப்பாதான் அவங்களோடது."

மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வாரமா வயிறு சரியில்ல. தினமும் காய்கறி வெட்டற எடத்துல நின்னு கையாலயே எடுத்து ருசி பாப்பேன். என்னாலதான்னு தெரிஞ்சா வேலை போயிடும்மா."

"மாத்திரை சாப்பிட்டிருந்தா சரியாப் போயிருக்கும் சார்."

"நமக்குள்ளயே வச்சுக்க முடியாதா?"

அவள் அதற்குள் கேன்டீன் எண்ணை அழுத்தியிருந்தாள்.

"அம்மா, லேப்லருந்து பேசறேன். உங்களுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கீங்க."

மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அப்ப நான் கெளம்ப வேணாமா?"