மஞ்சள் பூ உறை

போன் அலறியது.

தையல்காரம்மாவின் கை ஊசியோடு நின்றது. காலை ஒன்பதே கால். தெரியாத எண்!

"யாரு?"

"பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போகாதே..." கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு பேசும் குரல். "போனா... வீடு திரும்ப மாட்டே!"

"யாருங்க நீங்க?"

பதிலுக்கு ஒரு குக்கர் விசில்தான் கேட்டது. தொடர்பு அறுந்தது.



போகாமல் எப்படி? வெளிநாட்டில் மகளுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் பிரசவம். மருமகனைத் தவிர கூட ஒரு ஆள் இல்லை. பாஸ்போர்ட் காலாவதியாக நாலு மாதம்தான் பாக்கி. ஆறு மாதமாவது இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று டிக்கெட்காரர் கையை விரித்துவிட்டார். புதுப்பிக்க இன்று பத்தரை மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. தவறினால் அடுத்தது மூன்று வாரம் கழித்து!

மாடிப்படியில் காலடிச் சத்தம்.

இறங்கி வந்தவன் கொழுந்தன். செத்துப்போன கணவரின் தம்பி. மாடியில் தனியாக இருக்கிறான். அவன் மனைவி, எல்லாருக்கும் 'சின்னவள்', நாலு மாதம் முன்பு வேலைக்காக வெளிநாடு போய்விட்டாள்.

"போன்ல யாரு அண்ணி?"

"ரா... ராங் நம்பர் தம்பி."

"முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. இன்னிக்கு வேண்டாம். தள்ளிப் போட்டுக்கலாமே?"

"பிரசவத்தைத் தள்ளிப் போட முடியுமா தம்பி?"

அவன் சிரிக்கவில்லை.

"சரி, பாஸ்போர்ட்டைக் குடுங்க. ஒரு தடவை பார்த்துடறேன்."

கைப்பையிலிருந்து மஞ்சள் பூப்போட்ட துணியுறை எட்டிப் பார்த்தது. மிச்சத் துணியில் அவளே தைத்தது. அச்சு அசலாக இரண்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று சின்னவளுக்கு.

"என்கிட்டயே இருக்கட்டும்." பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டர் கிளம்பியது. மூன்றாவது தெருவில் வலது பக்கம் திரும்ப வேண்டும்.

அவன் இடது பக்கம் திரும்பினான்!

பூட்டிய கிடங்குகள். ஆள் நடமாட்டமே இல்லை.

"தம்பி... வழி மாறிப் போறீங்க!"

"குறுக்கு வழி அண்ணி."

அவள் சட்டென்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"மக வீடியோல வர்றா தம்பி! சித்தப்பாவையும் பார்க்கணுமாம். சிரிங்க!"

போனில் மகளும் இல்லை, மருமகனும் இல்லை. ஆனால் ஸ்கூட்டர் தயங்கியது... திரும்பியது... மெயின் ரோடு வந்தது!

பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நின்றார்.

"நேரம் வாங்கினவங்க மட்டும் உள்ளே! கூட வந்தவங்க வெளியே!"

"சார், வயசானவங்க. நானும் கூடப் போறேன்..."

"வயசானவங்களா? சீட்டுல அம்பத்திரண்டுதான் போட்டிருக்கு. எனக்கே அம்பத்தஞ்சு. தள்ளி நில்லுய்யா!"

அவள் ஓடினாள்.

கவுன்ட்டர் நாலு. கண்ணாடி போட்ட அதிகாரியம்மா உறையைப் பிரித்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"படிவத்துல நம்பர் ஒண்ணு, இதுல ஒண்ணு! போட்டோவுல இருக்கறதும் நீங்க இல்லையே?"

"மெதுவா பேசுங்கம்மா..." அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "படிவம் என் பழைய ஜெராக்ஸைப் பார்த்து எழுதினது. இது என் ஓரகத்தியோடது. அவ வெளிநாடு போயிட்டான்னு கொழுந்தனார் சொன்னார்."

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். ஒரு முத்திரைகூட இல்லை.

"பாஸ்போர்ட் இங்க இருக்கு. அப்ப அவங்க எப்படிப் போனாங்க?"

"போகலைம்மா."

அதிகாரி பாஸ்போர்ட்டை மூடி வைத்தார்.

"தெரிஞ்சேவா எடுத்துட்டு வந்தீங்க?"

"அலமாரியில ரெண்டு உறை வச்சிருந்தேன். நேத்து சாயங்காலம் ஒண்ணுதான் இருந்துச்சு. 'இன்னொண்ணு எங்க தம்பி?'ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். அவ எடுத்துட்டுப் போயிட்டான்னார். அப்புறம் தனியா திறந்து பார்த்தா... அவ முகம்! அப்போலேர்ந்து நிழலாட்டம் ஒட்டிக்கிட்டே இருக்கார். இந்த ஊர்ல அவரை வெளிய நிறுத்தற வாசல் உங்களோடது ஒண்ணுதான்."

"அய்யோ..."

"காலையில போன்ல மிரட்டினதும் அவர்தான். இங்க வந்து அவளைப் பத்தி விசாரிச்சுடுவேனோன்னு பயம். போன்லயும் விசில் கேட்டுது, என் தலைக்கு மேல மாடியிலயும் கேட்டுது!"

"அப்ப அவங்க... எங்க?"

"கொல்லையில பழைய தண்ணித் தொட்டி. கொசு வருதுன்னு மூடி சிமென்ட் பூசினார். அதுவும் நாலு மாசம் முன்னாடிதான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் துடித்தது. திரையில் 'தம்பி'!

"அண்ணி... இன்னும் எவ்ளோ நேரம்?"

"முடிஞ்சுது தம்பி. வாசல்லயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க..."

அதிகாரி உள்போனை எடுத்துவிட்டிருந்தார்.

ஐந்தே நிமிடம். வாசலில் கூச்சல். ஓடப் பார்த்தவனைக் காவலர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"உன் பொண்டாட்டி பாஸ்போர்ட் உள்ளே இருக்கு. பொண்டாட்டி எங்கடா?"

"அவளோடதா? இருக்கவே முடியாது! அதை நான் அப்பவே உறையோட எரிச்..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவசரத்தில் உறையைத் திறந்து பார்க்காமலே கொளுத்தியிருக்கிறான்!

சாயங்காலம். போலீஸார் தொட்டியை உடைத்தார்கள். அவள் அங்கே நிற்கவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு மறுபடி நாலாம் கவுன்ட்டருக்கு வந்திருந்தாள்.

"அம்மா... என் மக?"

"பயப்படாதீங்க. அவசரம்னு போட்டு வாங்கித் தர்றேன்." அதிகாரி புதிய படிவத்தை எடுத்தார். "பழைய பாஸ்போர்ட் என்ன ஆச்சு?"

"கொழுந்தனார் எரிச்சுட்டார்."

"எதுக்கு?"

"கொன்ன பொண்டாட்டியோடதுன்னு நினைச்சு."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"அம்மா... 'கைத்தவறுதலாக'ன்னு போட்டுடவா? கட்டம் ரொம்பச் சின்னது!"