தொப்பியில் மாட்டிய இறகுப்பூச்சி

மழை வரலாமா வேண்டாமா என்று மலாக்கா வானம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், சேகரனின் தலையிலிருந்து தொப்பி கிளம்பியது.

காற்று அடிக்கவில்லை. யாரும் தட்டிவிடவும் இல்லை. அது பாட்டுக்குத் தலையை விட்டு நழுவி, கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் விழுந்து, இரண்டு குட்டிக்கரணம் போட்டது.

"அலாமாக்!" என்று பதறியது ஒரு பெண் குரல்.

சேகரன் திரும்பினான். கையில் நீளமான மூங்கில் கோலுடன் ஒருத்தி நின்றிருந்தாள். கோலின் நுனியிலிருந்து ஒரு கயிறு புறப்பட்டு நேராக அவன் தொப்பியில் போய் முடிந்தது.

"பட்டப்பகல்ல மனுசன் தலைக்கே தூண்டி போடறீங்களா?"

"நீங்க ஏன் பின்பக்கமா வந்தீங்க? புதுக் கோலு எப்படின்னு நான் முன்பக்கம் பாத்துத்தானே வீசிக்கிட்டு இருந்தேன்!"

"கடைக்கு வர்றவன் உங்ககிட்ட வழி கேட்டுக்கிட்டா வரணும்?"

இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பான். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி அவன். தோட்டத்து ஆபீஸில் அவன் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்... ஐயோ, கண்ணா அது! கோபமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தன.

அவள் பெயர் மங்களம். குடை, கால்பந்து, கிரிக்கெட் மட்டை, தூண்டில் என்று கலந்துகட்டி விற்கும் கந்தசாமியின் ஒரே மகள். அப்பாவுக்குக் கால் சுளுக்கு. உள்ளே சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். அதனால் கடை அவள் கையில்.

"கொக்கியில முள்ளு இருக்கு. இழுத்தா தொப்பிப் பட்டி கிழிஞ்சுரும்" என்று கயிற்றை மட்டும் வெட்டித் தொப்பியைக் கொடுத்தாள். பட்டியில் ஒரு குட்டிப் பூச்சி உட்கார்ந்திருந்தது. கறுப்பு இறகும் சிவப்பு நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி.

"இதேதான்! இதைத் தேடித்தான் வந்தேன்" என்றான் சேகரன். "எங்க துரை லீவுல சிலோன் போறார். நுவரெலியா ஏரியில டிரவுட்டுன்னு ஒரு மீனாம். இந்த மாதிரி இறகுப்பூச்சி காட்டித்தான் பிடிக்கணுமாம். துரைக்கே புதுசு. எனக்குச் சுத்தமா தெரியாது. போய் வாங்கிட்டு வான்னுட்டார்."

சொல்லிவிட்டு, கடையிலேயே தடியான கோல் ஒன்றை எடுத்தான்.

"அது கடல்ல சுறா பிடிக்க" என்றாள் மங்களம்.

"துரை பெரிய ஆளு லா!"

"மீனு பெரிய ஆளு இல்லியே!"

உள்ளே நாற்காலி இருமியது. இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

மங்களம் படித்த பள்ளிக்கூடத்தில் அயர்லாந்துக்கார சிஸ்டர் ஒருவர் இருந்தார். சின்ன வயசில் அங்கே ஏரியில் டிரவுட் பிடித்த கதையைக் கணக்குப் பாடத்தைவிட அதிகமாகச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பாடம் இன்று உதவியது.

"புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த ஒம்பதடிக் கோல் போதும். பிளந்த மூங்கில்... கையில வெச்சுப் பாருங்க, கனமே தெரியாது. சக்கரம் சின்னதா இருக்கட்டும், கயிறு சுத்தி வெக்கத்தானே அது? ஆனா கயிறை மட்டும் கோலுக்குப் பொருத்தமா எடுக்கணும்."

"ஏன், கயிறுல என்ன?"

"பூச்சிக்கு எடையே இல்லீங்க. கயிறோட கனம்தான் அதை ஏரி நடுவுல கொண்டுபோய் எறக்கும். இது பட்டுக் கயிறு, கொழுப்பு தடவினா மிதக்கும். நுனியில கட்டற நரம்பைத் தண்ணியில ஊற வெச்சுத்தான் முடிச்சுப் போடணும். காஞ்ச நரம்பு பட்டுனு போயிரும்."

"பூச்சி?"

"கறுப்புல கொஞ்சம், பழுப்புல கொஞ்சம். ஆரம்பத்துக்கு அது போதும்."

"இல்லே... எல்லாத்தையும் காட்டுங்களேன்."

மங்களம் அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். 'இந்த ஆளு பூச்சியைப் பாக்கவே இல்லே...' என்று அவள் மனசு சொல்லிற்று. ஆனாலும் எல்லாப் பெட்டியையும் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மழையும் கொட்டியது. ஜாசின் பஸ் ஒன்று போயிற்று. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூச்சி மிதக்கும்ல?" என்று கிளம்பும்போது கேட்டான்.

"தக்கை மாதிரி மிதக்கும். முங்கினா என்னைக் கேளுங்க!"

அந்த வாரமே ஆயுத பூஜை. தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தி, லாரி, ஆபீஸ் டைப்ரைட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படைத்தார்கள். சேகரனுக்கு ஒரு யோசனை வந்தது. துரையின் தூண்டிலும் ஆயுதம்தானே? கோலை எடுத்து வந்து சாமி முன்னால் சாத்தினான். பூச்சிப் பெட்டியைத் திறந்து வைத்தான். குழைத்த சந்தனத்தில் விரலைத் தோய்த்து, ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பொட்டு. அதன்மேல் ஒரு துளி குங்குமம். வைக்கும்போது முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வேறு. பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த ராஜம்மா அக்கா, "என்ன கிராணி, கல்யாணக் களை தட்டுது!" என்று கிண்டல் செய்தாள்.

மறுநாள் துரை தோட்டத்துக் குளத்தில் வீசிப் பழகினார். முதல் பூச்சி முங்கியது. இரண்டாவதும் முங்கியது. எதைக் கட்டினாலும் நேராகப் பாதாளத்துக்கே போயிற்று. ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் துரை சேகரனைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

நேரே மலாக்காவுக்கு வந்தான். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்தான். ஆனால் வாங்கின திட்டு இன்னும் சூடாக இருந்தது. பக்கத்துக் காப்பிக்கடைக்காரர்களும் தையற்காரரும் வேறு வேடிக்கை பார்த்தார்கள். வாயில் வந்தது வேறு.

"மிதக்கும்னு சொல்லி ஏமாத்தி வித்திருக்கீங்க! நாணயமில்லாத கடை!"

கந்தசாமி நொண்டிக்கொண்டே எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. மங்களம் அவன் கொண்டுவந்த பெட்டியை வாங்கித் திறந்தாள். ஒரு பூச்சியை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"சந்தனம் மணக்குதே..." என்றாள். "குங்குமம்கூட இருக்கு. இறகெல்லாம் ஒட்டிக் கெட்டியாப் போச்சு. இப்படி இருந்தா எப்படிங்க மிதக்கும்?"

காப்பிக்கடை முழுக்கச் சிரித்தது.

அங்கேயே 'மன்னிச்சிருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே! கிராணி உத்தியோகம் விடவில்லை. "அதுக்காக... சாமிக்கு வெச்சா முங்கிருமா?" என்று முணுமுணுத்துவிட்டு விறுவிறு என்று நடந்துவிட்டான்.

"இனிமே அந்த ஆளு இந்தக் கடைப் படி ஏறக் கூடாது!" என்று அவன் முதுகுக்குக் கேட்கக் கத்தினார் கந்தசாமி. மங்களத்தின் கண் நிறைந்துவிட்டது. கோபமா, வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. 'ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவாரு?'

தோட்டத்தில் சேகரனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் பூச்சியை முகர்ந்து பார்த்த முகம்தான் வந்தது. அவளைக்கூட விடு... அந்த நொண்டிக் கால் மனுசனை ஊர் பார்க்க ஏமாற்றுக்காரன் என்றுவிட்டோமே! அவள் இனி தன் முகத்தில் விழிப்பாளா? காலையில் துரையிடம் போய், "தப்பு கடை மேல இல்லை. சந்தனம் பூசினது நான்" என்று சொல்லிவிட்டான். துரை முதலில் முறைத்தார். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். போய் வேறு பூச்சி வாங்கி வா என்று அனுப்பினார்.

மலாக்காவில் சரியான மழை. குடையை மடக்கிப் பஸ் ஸ்டாண்டு கடையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தான் அந்தப் புத்திசாலி! கையில் குடை இருந்தால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்காதாம்.

கந்தசாமியின் கடைப் படிக்குக் கீழே, தெருவில் நின்றான். தொப்பியைக் கழற்றினான். படி ஏறக் கூடாது என்றால் ஏறக் கூடாதுதானே...

"ஐயா!" என்று காப்பிக்கடைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டான். "உங்க பூச்சி நல்ல பூச்சி. பொட்டு வெச்சுக் கெடுத்தது நான். நாணயம் இல்லேன்னு சொன்ன வாய் என்னோடது. எல்லார் முன்னாலயும் சொன்னேன், எல்லார் முன்னாலயும் கேக்கறேன். மன்னிச்சிருங்க."

தையற்காரரின் மிஷின் நின்றுவிட்டது. கந்தசாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். தண்ணீர் அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மழையில நின்னு பேசினா ஜுரம் வரும் தம்பி. மேல ஏறி வாங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள். பெரியவருக்கு என்ன தோன்றியதோ... "புதுப் பெட்டி உள்ளதான் இருக்கு. தேடி எடுக்க நேரமாகும்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

மங்களம் ஒரு துண்டை நீட்டினாள்.

"பூச்சிக்குப் போய் யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"தூண்டிலும் ஆயுதம்னு..."

"கோலுக்கு வெச்சீங்க, சரி. பூச்சி ஒவ்வொண்ணுக்குமா?"

சேகரன் துண்டை வாங்கினான். துடைக்கவில்லை.

"ஒவ்வொண்ணும் நீங்க கையில எடுத்துக் காட்டினதுங்க... உங்களை நினைச்சுக்கிட்டே வெச்சேன். அது முங்கும்னு தெரியலே."

அவள் கன்னம் சிவந்தது. பேச்சை மாற்ற ஏதாவது கிடைக்காதா என்று தேடினாள். அவன் கையில் தொப்பி. தொப்பியில் அதே கறுப்புப் பூச்சி.

"இதை இன்னுமா எடுக்கலே? இடுக்கி இருக்கு, எடுத்துரட்டுமா?"

"வேணாம். எங்கிட்டயும் இடுக்கி இருக்கு. மனசுதான் வரலே." அவன் குரல் இறங்கியது. "எங்க அம்மாவை வெள்ளிக்கிழமை அனுப்பட்டுமா... பொண்ணு கேட்டு?"

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மங்களம் தொப்பியை அவன் கையிலிருந்து வாங்கினாள். பூச்சியின் நனைந்த இறகை விரலால் நீவிவிட்டாள்.

"அன்னிக்கு நான் பாக்காம வீசிட்டேன்" என்றாள் மெல்ல. "இன்னிக்கு வீசறதா இருந்தா... பாத்து, உங்க மேலதான் வீசுவேன்."

தொப்பியை அவன் தலையில் அவளே வைத்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை ரொம்ப தூரமா இருக்கு லா... நாளைக்கே வரச் சொல்லுங்க."