மேற்கே வைக்காத தலையணை

“இந்த அப்பா எத்தனை நாளைக்கும்மா?”

சங்குவானின் மகள் ஏழு வயதில் ஒருமுறை இப்படிக் கேட்டாள். கேட்ட இடம் பூன்சியின் வாடகை மோட்டார் சைக்கிள். முன்னால் பூன்சி, நடுவில் குழந்தை, பின்னால் சங்குவான். நார்வேக்காரரான ஹால்வருக்கு, சங்குவானின் கணவர் என்ற முறையில் ஓராண்டு தங்கும் அனுமதி முதன்முதலாகக் கிடைத்த நாள் அது.

“ஒரு வருஷத்துக்கு. அப்புறம் மறுபடி கேட்டு வாங்குவோம்,” என்றாள் சங்குவான், ஏதோ அரிசி வாங்குவதைப் பற்றிச் சொல்வது போல.

பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. குழந்தை வளர்ந்து வெளியூரில் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாள். மேகோங் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் சங்குவான் ஆண்டுதோறும் கேட்டாள், ஆண்டுதோறும் வாங்கினாள். இந்த ஆண்டுதான் சிக்கல் வந்தது.

அன்று காலை அவள் பிரயூனின் நகல் கடைக்குள் நுழைந்தபோது பூன்சி அங்கேதான் இருந்தாள். சவாரி இல்லாத நேரமெல்லாம் அவளுக்கு அந்தக் கடைதான். முப்பது ஆண்டு போலீசில் துப்புத் துலக்கி ஓய்வு பெற்ற பிரயூன், குடிவரவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு நகல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகல் எடுக்க வருகிறவர்கள் சில சமயம் வேறு கவலைகளையும் கொண்டுவருவார்கள். அவற்றுக்கு அவர் காசு வாங்குவதில்லை.

“இதை ரெண்டு நகல் எடுங்கண்ணே,” என்று சங்குவான் ஓர் உறையை மேசைமேல் வைத்தாள். “எடுக்கும்போதே படிச்சுடுங்க. என் வாயால சொன்னா கோவம் வரும்.”

அலுவலகத்துக்கு வந்த மொட்டைக் கடிதத்தின் பிரதி அது. சங்குவான் திருமணம் வெறும் காகிதத் திருமணம். ஹால்வர் அவளோடு வாழவில்லை. மூன்று மாதமாக ஊர்க்கோடியில் அறை எடுத்துத் தங்குகிறார். சான்றாக, அவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், அவர் கையெழுத்திட்ட பாஸ்போர்ட் நகல், அறையின் புகைப்படம். படத்தில் ஒற்றைக் கட்டில், அதன்மேல் தலையணை, போர்வை. வாசலில் ஒரு ஜோடி பெரிய செருப்பு.

“மூணு நாள்ல பதில் சொல்லணுமாம். இல்லேன்னா அனுமதி கிடையாது. அதுக்கப்புறம் ஏழு நாள்ல அவர் நாட்டை விட்டுப் போகணும். அறுபத்தெட்டு வயசு மனுஷன். போற இடத்துல கதவைத் திறக்க ஒருத்தர் கிடையாது.”

“பதில் சொல்ற முன்னாடி வேற யாராவது வந்தாங்களா?” என்று கேட்டார் பிரயூன்.

“ஏஜெண்ட் பொங்சக் நேத்து சாயங்காலம் போன் பண்ணினான். எண்பதாயிரம் பாத் குடுத்தா உள்ளே பேசிச் சரிபண்றானாம். நாலு மாசத்துக்கு முன்னாடி அவன்கிட்டத்தான் முதல்ல போனோம். ஆஸ்பத்திரிச் செலவுல பேங்க்ல காட்ட வேண்டிய தொகை குறைஞ்சுபோச்சு. என்ன செலவுன்னு அவன் கேக்கல, நாங்களும் சொல்லல. ‘நான் இரவல் போட்டுக் காட்டறேன், கையெழுத்து மட்டும் போடுங்க’ன்னான். அது பொய்யில்லையான்னு கேட்டேன். சிரிச்சான். எழுந்து வந்துட்டேன். இவர் தன்னோட படகை வித்தார், தொகை சேர்ந்துச்சு.”

“எண்பதாயிரம் குடுக்கப் போறியா?”

“எட்டு பாத் குடுக்க மாட்டேன்,” என்றாள் சங்குவான்.

பிரயூன் பாஸ்போர்ட் நகலை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். ஹால்வரின் கையெழுத்து சந்தேகமில்லாமல் அவருடையதுதான். அதைத் தவிர அந்தத் தாளில் கையால் எழுதிய வேறு எழுத்தே இல்லை. வலது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, மேலிருந்து கீழ்வரை முடியளவு மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

“நம்ம இயந்திரக் கண்ணாடியை நான் தினம் தொடைக்கிறேன் மாமா,” என்றாள் பூன்சி, தன்மேல் குற்றம் வந்துவிடுமோ என்று.

“தெரியும்மா,” என்றார் பிரயூன். “வண்டியை எடு.”

சங்குவானின் வீடு மரவீடு. கைக்கெட்டும் தூரத்தில் அவள் அண்ணன் கம்போனின் வீடு. ஒரு புளியமரம் யாருடைய பாகம் என்ற சண்டையில் அண்ணனும் தங்கையும் பேசி ஓராண்டாகிறது.

ஹால்வர் வாசலில் கைகூப்பி வரவேற்றார். படுக்கையறையைத் திறந்து காட்ட அவருக்குக் கூச்சமே இல்லை. அதிகாரிகளுக்காகப் பதினொரு முறை அந்தக் கட்டிலில் இருவருமாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து குழாய், குழாயின் நுனியில் முகமூடி. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று போகிறது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி. அது இல்லாமல் ஒரு ராத்திரிகூடக் கண்மூடக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. கருவியின் வெள்ளை மின்கம்பி சுவரோரமாக அறையைச் சுற்றி எதிர்ச்சுவர்வரை போய், அங்கிருந்த ஒரே பிளக்கில் முடிந்தது.

“எதுக்கு இவ்வளவு நீளக் கம்பி?” என்றார் பிரயூன்.

ஹால்வர் தமக்குத் தெரிந்த பேச்சில் விளக்கினார். “நான் சொன்னேன், கட்டில் திருப்பு. பிளக் பக்கம் தலை. இவ சொன்னா, அது மேற்கு. பொணம் மட்டும் மேற்கு. நான் சொன்னேன், சரி. கம்பி வாங்கினேன்.”

“உயிரோட இருக்கிற மனுஷனை நான் அப்படிப் படுக்க வைப்பேனா?” என்றாள் சங்குவான்.

வெளியே வந்தபோது கம்போன் தன் தள்ளுவண்டியில், சுட்டு விற்கும் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். பூன்சியால் வாயைக் கட்ட முடியவில்லை.

“என்னண்ணே, பக்கத்து வீடு காலியானா புளியமரம் உங்களுக்கு வந்துடுமில்ல?”

“போடி,” என்றார் கம்போன் நிமிராமல். “வெள்ளைக்காரன் என் தூக்கத்தைக் கெடுக்கறதுக்குன்னே வந்திருக்கான். முன்னே குறட்டை. நாலு மாசமா குறட்டை நின்னு, விடிய விடிய பாம்பு சீறற மாதிரி ஒரு சத்தம். இவனுக்குப் பக்கத்துல எவன் குடியிருப்பான்?”

“கேட்டீங்களா மாமா?” என்று வண்டியைக் கிளப்பும்போது பூன்சி கிசுகிசுத்தாள். “எவ்வளவு வெறுப்பு.”

“கேட்டேன்,” என்றார் பிரயூன்.

ஊர்க்கோடி அறை பூட்டியிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், அங்கே யாரும் தங்கி அவள் பார்த்ததில்லை என்றாள். ஆனால் வேலைக்கு வருவது பகலில் மட்டும் என்பதால் அவள் பேச்சு எதையும் நிரூபிக்காது. ஜன்னல் வழியே பார்த்தார்கள். படத்தில் இருந்தது போலவே இருந்தது. காலை வெயில் விழும் ஜன்னலடியில் தலையணை. எதிர்ச்சுவரில், கதவோரமாக, அறையின் ஒரே பிளக். நடுவே வெறும் தரை.

“உனக்கு என்ன தெரியுது?”

“செருப்பு புதுசு, சேறே படலை. வேற ஒண்ணும் தெரியல மாமா. கட்டில் கட்டிலாத்தான் இருக்கு.”

“அதேதான்,” என்றார் பிரயூன். “நம்ம வீட்டுக் கட்டில் மாதிரியே இருக்கு.”

பூன்சிக்கு அது விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது வேறு. அன்று மாலையே வண்டி நிறுத்தத்தில், கம்போன்தான் தங்கையைக் காட்டிக்கொடுத்தார் என்று தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் கம்போனின் மீனில் பாதி வண்டியிலேயே திரும்பியது. அதற்கு அடுத்த நாள் காலை முக்கால்வாசி.

மூன்றாம் நாள் நண்பகல். பிரயூன் கடைக்கதவைப் பாதி சாத்தினார். சங்குவானும் ஹால்வரும் ஒரு பெஞ்சில். எதிரே துணை ஆய்வாளர் நரிசரா, குடிவரவு அலுவலகத்திலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தார். கட்டணத்தைப் பற்றிப் பேச வரச்சொன்னதாக நினைத்துக்கொண்டு ஏஜெண்ட் பொங்சக், கையில் நிரப்புவதற்கான படிவங்களோடு வந்தவர், நரிசராவைப் பார்த்துச் சற்றே தயங்கி உட்கார்ந்தார். கம்போனிடம் பிரயூன் ஆறு சுட்ட மீன் சொல்லியிருந்தார். அவர் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“உட்காருங்க கம்போன், இது உங்க வீட்டு விஷயமும்தான்,” என்றார் பிரயூன். பூன்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இந்தப் படத்துல இருக்கிற அறையைப் பாருங்க,” என்று அவர் தொடங்கினார். “பிளக் மேற்குச் சுவர்ல. தலையணை கிழக்குப் பக்கம். ஹால்வர் ராத்திரி மூச்சுக் கருவி போடாமத் தூங்க முடியாது. ஆஸ்பத்திரிக் காகிதம் இதோ. இந்த அறையில கருவியும் இல்லை, பிளக்கிலேர்ந்து தலைமாடு வரைக்கும் கம்பியும் இல்லை. அவர் தனியா இருந்தா தலையை எந்தப் பக்கம் வெச்சிருப்பார்?”

“பிளக் பக்கம்,” என்றார் ஹால்வர். “நான் கேட்டேன். இவ விடல.”

“ஆக, இந்தக் கட்டிலைப் போட்டது அவர் இல்லை. மேற்கே தலையணை வைக்கக் கை கூசற ஒருத்தர். நம்ம ஊர்க்காரர். யோசிச்சுக்கூட வெச்சிருக்க மாட்டார், கை தானா வெச்சிருக்கும். அந்த ஆளுக்கு ஹால்வரோட செருப்பு அளவு தெரியும். அவர் எப்படி மூச்சு விடறார்ங்கிறது தெரியாது.”

“கம்போன் அண்ணன் ஒரு வருஷமா அந்த வீட்டுக்குள்ளயே போகலையே,” என்றாள் பூன்சி, அடக்க முடியாமல்.

“போகலை. ஆனா உன்கிட்ட என்ன சொன்னார்? நாலு மாசமா குறட்டை நின்னு சீறல் சத்தம்னார். மரச்சுவர் வழியா அந்தக் கருவியை ராத்திரிதோறும் கேட்கிறவர் அவர். அம்மா, உங்க ஆள் விசாரிக்கப் போன குறிப்பைப் படிக்கலாமா?”

நரிசரா கோப்பைத் திறந்தார். “போன புதன்கிழமை. தம்பதி உபோசத விரத நாளுக்காகப் புத்த விகாரைக்குப் போயிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது: ‘இருக்கான். தினம் இருக்கான். சத்தம் கேட்ட பிறகுதான் நான் தூங்கறேன். சத்தம் நின்னுட்டா எழுந்து உட்கார்ந்துடறேன், அவனுக்கு என்ன ஆச்சோன்னு.’”

சங்குவான் அண்ணனைப் பார்த்தாள். கம்போன் மீன் பொட்டலத்தின் வாழையிலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“தலையணையை வெச்சு ஒரு வழக்கா?” பொங்சக் சிரித்தார். “ஊர்ல ஆயிரம் பேருக்கு மேற்கு பிடிக்காது.”

“உண்மைதான். அதனால பாஸ்போர்ட் நகலுக்கு வருவோம்,” என்றார் பிரயூன். “என் கடைக்கு வர்ற எல்லாரையும், கையெழுத்துக்குக் குறுக்கே ‘மனைவி வழி அனுமதிக்கு மட்டும்’னு எழுத வைப்பேன். வேற எதுக்கும் யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு. எழுதாம எடுத்துட்டுப் போக நான் விட்டதில்லை. இந்த நகல்ல கையெழுத்து இருக்கு, அந்த வரி இல்லை. ஆக, இது இங்கே எடுத்ததில்லை. சங்குவான், இந்த வரியில்லாம எங்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?”

“ஒரே இடத்துலதான்,” என்றாள் சங்குவான், பொங்சக்கைப் பார்த்து.

“தொலைஞ்சிருக்கும். யாரோ எடுத்திருக்கலாம்,” என்றார் பொங்சக். இப்போது சிரிப்பு இல்லை.

“சங்குவானுக்குக் கடிதம் போன அன்னைக்கே, அதைச் சரிபண்றதுக்கு விலை சொல்லத் தெரிஞ்ச ‘யாரோ’. நீங்க கொண்டுவந்த படிவத்தைக் கொஞ்சம் குடுங்க.” பிரயூன் அதை வாங்கி, வாடகை ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட் நகலையும் அதன் பக்கத்தில் வைத்தார். “பூன்சி, வலது ஓரத்துல என்ன இருக்கு?”

பூன்சி குனிந்தாள். மூன்று தாளிலும், ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரே முடிக்கோடு.

“கண்ணாடியில கீறல்,” என்றாள் மெதுவாக. “ஒரே இயந்திரம்.”

நரிசரா மூன்று தாளையும் வாங்கித் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். பொங்சக் எழுந்தார். அலுவலகத்துக்கு எதிரே ஓடிப்போக இடம் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே சங்குவான்மேல் எரிந்து விழுந்தார்.

“வெள்ளைக்காரனைக் கட்டினவளுக்கு ரோஷம் வேறயா? ஊரே என்ன பேசுதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்,” என்றாள் சங்குவான். குரலை உயர்த்தவில்லை. “பதினொரு வருஷமா என் கட்டிலைப் படம் எடுத்துச் சர்க்காருக்குக் குடுக்கறேன். என் தெருவுல எந்தப் பொண்டாட்டி தன் கட்டிலை யாருக்குக் காட்டியிருக்கா? நான் வெட்கப்படல. அடுத்த வருஷமும் எடுத்துக் குடுப்பேன். அதுக்கு அடுத்த வருஷமும். என் புருஷனை வெச்சுக்கறதுக்கு எத்தனை காகிதம் கேட்டாலும் தருவேன். ஒரு பொய்க் காகிதம் தர மாட்டேன். அதுதானே உனக்குப் பிடிக்கல?”

பொங்சக்கை அழைத்துக்கொண்டு நரிசரா சாலையைக் கடந்தார். ஒரு மணி நேரத்தில் ஹால்வரின் பாஸ்போர்ட் ஓராண்டு முத்திரையோடு திரும்பி வந்தது. அதற்குள் மீன் ஆறியிருந்தது. சங்குவான் முதல் துண்டைப் பிய்த்து அண்ணன் தட்டில் வைத்தாள். அவர் மறுக்காமல் சாப்பிட்டார். புளியமரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பூன்சி மட்டும் சாப்பிடாமல் எழுந்தாள். நேரே வண்டி நிறுத்தத்துக்குப் போனாள். எட்டுப் பேர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, “கம்போன் அண்ணனைப் பத்தி நான் சொன்னது பொய்,” என்றாள்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றான் ஒருவன். “மீன் இல்லாம ரெண்டு நாளா வெறும் சோறு தின்னேன்.” எல்லோரும் சிரித்தார்கள். அவளைத் தவிர.

அடுத்த உபோசத நாள் காலை. விகாரை மண்டபத்துக்குள் ஊர் முழுவதும் பிக்குகளின் ஓதலுக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. பூன்சி மதிலோரமாக வந்தாள். அரச மரத்தடியில் கம்போனின் தள்ளுவண்டி நின்றது. அதன் பலகையில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: தங்கையை விற்றவன் மீன். கம்போன் அதைத் துடைக்கவில்லை. அந்த எழுத்தோடேயே இத்தனை நாளும் ஊரைச் சுற்றியிருக்கிறார்.

எழுதிய கை யாருடையது என்று அவள் யோசிக்கவில்லை. சொல்லைக் கொடுத்தது தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆற்று மணலை நனைத்து அள்ளி வந்து தேய்த்தாள். கரி மரத்தின் வரிகளுக்குள் இறங்கியிருந்தது. விரல் நுனிகள் எரிந்தன. கடைசி எழுத்தின் வால் போகும்வரை தேய்த்தாள். பிறகு தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த சக்கரத்தை முடுக்கி, எண்ணெய் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சத்தமில்லாமல் சுழன்றது.

உள்ளே ஓதல் முடிவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. மண்டபத்தின் பக்கம் ஒருமுறை கைகூப்பிவிட்டு, தன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல், தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனாள்.